புதிய எந்திர வரிசைக்கு ஆவணம்: தாளா, பொதுக் கோப்புறையா, மென்பொருளா?

கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ நூறு, நூற்றைம்பது பேர் வேலை செய்யும் ஓர் எந்திரத் தொழிற்கூடம், வாகன உதிரிப்பாகம் ஒன்றுக்குப் புதிய ஆர்டர் பெற்று, அதற்கென்றே கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஐந்தாறு சி.என்.சி. எந்திரங்கள் கொண்ட தனி வரிசையை அமைக்கப்போகிறது என்று கொள்வோம். எந்திரத்தின் விலை, வங்கிக் கடன், மின் இணைப்பு, பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்ச்சரின் வடிவமைப்பு ஆகியவற்றைப் பற்றி வாரக்கணக்கில் கூடிப் பேசுவார்கள். ஆனால் அந்த வரிசைக்குரிய வரைபடங்களையும், எந்திரத்தை வேலைக்கு அமைக்கும் விதம் சொல்லும் செட்டப் தாள்களையும், எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கண்ட்ரோல் பிளானையும், புரோகிராம்களையும் எந்த முறையில் வைத்து நடத்துவது என்ற கேள்வி, பெரும்பாலும் ஆடிட் தேதி நெருங்கும் வரை எழுவதில்லை. அப்போது எழும் கேள்விக்குக் கிடைக்கும் விடை, ஆடிட்டருக்குக் காட்டும் கோப்பாக மட்டுமே இருக்கும். எந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது பயன்படாது.

தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முத்திரையிட்ட தாள் நகல்களை எந்திரங்களுக்கு வழங்கி, ஒருவர் பொறுப்பில் கட்டுப்படுத்துவது முதல் வழி. நிறுவனத்தின் சர்வரில் ஒரு பொதுக் கோப்புறையை அமைத்து, பி.டி.எஃப். கோப்புகளையும் ஒரு மாற்றப் பதிவேட்டையும் அதில் வைத்து நடத்துவது இரண்டாவது. பி.எல்.எம். என்று அழைக்கப்படும் ஆவண மேலாண்மை மென்பொருளை வாங்கி, ஒப்புதல் முதல் எந்திரத்தருகே திரையில் காட்டுவது வரை அனைத்தையும் அதன் வழியே நடத்துவது மூன்றாவது. இவற்றில் எதையும் தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை நமக்காகத் தேர்ந்து தருவதில்லை. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆவணம் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில், பயன்படுத்தத் தக்க நிலையில் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறது. அது தாளில் இருக்கிறதா திரையில் இருக்கிறதா என்பது நம் பொறுப்பு.

விலை, தேடும் வசதி, இடம் என்று பல அளவுகோல்களை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடலாம். என் கருத்தில் அவற்றுள் முதன்மையான அளவுகோல் ஒன்றுதான். வரைபடத்தில் ஓர் அளவு மாறினால், அந்த மாற்றம் எந்திரத்தின் முன் நிற்கும் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரின் கையில் இருக்கும் கேஜ் (அளவைச் சோதிக்கும் கருவி) வரை முழுமையாகப் போய்ச் சேருகிறதா என்பதே அது. மாற்றமே இல்லாத நாளில் எந்த ஆவண முறையும் நன்றாகத்தான் இயங்கும்.

அதைச் சோதிக்க ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். நம் வரிசையில் உருவாகும் பாகம், சிறிய மின்மோட்டார் ஒன்றின் அலுமினிய மூடி. அதில் 6202 பேரிங் அமர்கிறது. அந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 35 மி.மீ. மூடியின் துளைக்கு 35 எச்7 என்று வரைபடம் சொல்கிறது. அதாவது துளை 35.000 முதல் 35.025 மி.மீ. வரை இருக்கலாம். வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், மோட்டார் 80 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது துளை பேரிங்கின் வெளிவளையத்தைவிடச் சுமார் 0.025 மி.மீ. கூடுதலாக அகன்று, வளையம் நழுவத் தொடங்குகிறது. வாடிக்கையாளர் இதைக் கண்டு துளையை 35 கே7 என்று மாற்றுகிறார். இப்போது அனுமதிக்கப்பட்ட எல்லை 34.982 முதல் 35.007 வரை. வரைபடத்தில் மாறியது ஓர் எழுத்து மட்டுமே.

ஆனால் அந்த ஓர் எழுத்துக்காகத் தொழிற்கூடத்தில் மாற வேண்டியவை ஏராளம். போரிங் டூலின் செட்டிங் அளவு, சி.என்.சி. புரோகிராம், செட்டப் தாள், கண்ட்ரோல் பிளான், முதல் துண்டு ஆய்வுப் படிவம், பிழை வாய்ப்புகளை ஆராயும் எஃப்.எம்.இ.ஏ. ஆவணம், வாடிக்கையாளரிடம் ஒப்புதல் பெறும் பி.பி.ஏ.பி. தொகுப்பின் தொடர்புடைய பகுதிகள், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கோ, நோ-கோ பிளக் கேஜ் (ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டிய, மறுமுனை நுழையக்கூடாத சோதனைக் கருவி) ஆகியவை மாற வேண்டும். கேஜ் மட்டும் மாறாமல் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 35.015 அளவில் வந்த துளை பழைய கேஜில் முறையாகத் தேறிவிடும். புதிய வரைபடப்படி அது கழிவு. துளை பெரிதாகிவிட்டதால் ரீவொர்க்குக்கும் வழியில்லை. ஆபரேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருப்பார், ஆய்வாளரும் சரியாகச் செய்திருப்பார், ஆனாலும் ஷிஃப்ட் முழுவதும் ஓடிய உற்பத்தி வீணாகும்.

மாற்றத்தைப் பதிவு செய்யாமல் விடுவதன் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஓடும்போதே வண்டி அணைந்துபோகுமளவுக்கு அந்தச் சுவிட்ச் எளிதில் திரும்பியது. அணைந்தால் ஏர்பேக்கும் விரியாமல் போகக்கூடும். 2006இல் சுவிட்சின் உட்பகுதி திருத்தப்பட்டு, அதன் பிடிமானம் கூட்டப்பட்டது. திருத்தம் சரியானதே, ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. அதனால் பிந்தைய ஆண்டு வண்டிகளில் குறை ஏன் அரிதாகிறது என்று ஆராய்ந்த நிறுவனத்தின் பொறியாளர்களுக்கே, சுவிட்ச் மாறியிருப்பதைக் காட்டும் தடயம் ஆவணத்தில் இல்லாமல் போயிற்று. விபத்தில் மகளை இழந்த குடும்பம் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்பு வல்லுநர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்து ஒப்பிட்ட பிறகே, 2013இல் இது வெளிப்பட்டது. 2014இல் தொடங்கிய திரும்பப்பெறுதல் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் தொட்டது. இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. குறையுள்ள வடிவமைப்பும், அதைக் கண்டும் ஆண்டுக்கணக்கில் காட்டிய மெத்தனமும் முதல் காரணங்கள். ஆனால் ஓர் எண்ணை மாற்றியிருந்தால் உண்மை பல ஆண்டுகள் முன்பே வெளிப்பட்டிருக்கும். அந்த நிறுவனத்திடம் மென்பொருளுக்குப் பஞ்சமில்லை என்பதை மூன்றாவது வழியைப் பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

இனி முதல் வழிக்கு வருவோம். தாள் முறையைப் பழையது என்று ஒதுக்குகிறவர்கள் எந்திரத்தின் அருகே அதிக நேரம் நின்றிருக்க வாய்ப்பில்லை. கூலண்ட் தெறிக்கும் இடத்தில், எண்ணெய்க் கையோடு, கையுறையோடு பார்க்க வேண்டிய தகவலுக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட ஏ3 தாள் இன்றும் மிகச் சிறந்த ஊடகம். மின்சாரம் போனாலும் அது இருக்கும்; கடவுச்சொல் கேட்காது; நான்கு பேர் சேர்ந்து நின்று விரல் வைத்துப் பேசலாம். நம் 35 கே7 மாற்றத்தைத் தாள் முறை கையாளும் விதமும் ஒரு வகையில் நேர்த்தியானது: ஆவணப் பொறுப்பாளர் பழைய திருத்தநிலை (எந்தத் திருத்தத்துக்குரியது என்ற குறி) கொண்ட தாளை எந்திரத்திலிருந்து நேரில் எடுத்துக்கொண்டு, புதியதைக் கொடுத்து, கையொப்பம் வாங்குகிறார். பழைய தாள் எந்திரத்தில் இல்லை என்பதை ஒரு மனிதர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார்.

குறை எங்கே வருகிறதென்றால், எண்ணிக்கையில். ஒரு பாகத்துக்கு நான்கு ஆபரேஷன், ஆபரேஷனுக்கு மூன்று தாள், அவற்றின் நகல்கள் உற்பத்தியிலும் தரப் பிரிவிலும் டூல் ரூமிலும் என்று பெருகும்போது, பத்துப் பாகங்களைத் தாண்டியவுடன் எந்த நகல் எங்கே இருக்கிறது என்பது பொறுப்பாளரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் விடுப்பில் போன வாரத்தில் மாற்றம் வந்தால் கேட்க ஆளில்லை. அத்தோடு, எந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தரும் செட்டர்கள் தங்கள் வசதிக்காக எடுத்து வைத்துக்கொள்ளும் ஜெராக்ஸ் நகல்களை எந்த முத்திரையும் கட்டுப்படுத்தாது. தாள் முறையின் மிகப் பெரிய போதாமை வேறொன்று: எந்த ஆவணம் எந்த ஆவணத்தைச் சார்ந்திருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. வரைபடம் மாறியது என்று தெரியும். கேஜ் மாற வேண்டும் என்பதை யாரேனும் நினைவுகூர வேண்டும்.

இரண்டாவது வழியான பொதுக் கோப்புறை, பெரும்பாலான தொழிற்கூடங்களில் ஏற்கெனவே ஏதோ ஓர் உருவில் இருக்கிறது. ஆனால் அது முறையாக இல்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘லேட்டஸ்ட் இதுதான்’ என்ற பெயர்களில் ஒரே வரைபடத்தின் பல பிரதிகள் கிடக்கும் கோப்புறையை நான் முறை என்று ஏற்கமாட்டேன். இதை முறையாக்கத் தேவைப்படுவது பணம் அன்று, சில உறுதியான விதிகள். பாக எண்ணும் திருத்தநிலையும் கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். நடப்பிலுள்ள கோப்புகள் ஒரு கோப்புறையிலும் காலாவதியானவை இன்னொன்றிலும் இருக்க வேண்டும். நடப்புக் கோப்புறையில் எழுதும் உரிமை ஒருவருக்கும் அவருக்கு மாற்றாக இன்னொருவருக்கும் மட்டுமே தரப்பட வேண்டும். மற்ற எல்லோரும் படிக்கலாம்.

இவற்றைவிட முக்கியமானது மாற்றப் பதிவேடு. அது ஒரு சாதாரண எக்செல் அட்டவணையாக இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை. நெடுவரிசைகளில் நான் மேலே சொன்ன அத்தனை ஆவணங்களும் கேஜும் புரோகிராமும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மாற வேண்டுமா, யார் மாற்றுவது, எப்போது முடிந்தது என்பது எழுதப்பட வேண்டும். எல்லாக் கட்டங்களும் நிரம்பும் வரை மாற்றம் முடிந்ததாகக் கருதக்கூடாது. 35 கே7 வந்த நாளில் இந்த அட்டவணையில் ‘கேஜ்’ என்ற கட்டம் காலியாக நிற்பதை யாரும் பார்க்கலாம். தாள் முறையில் ஒருவர் நினைவில் இருந்தது இங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வாகனத் துறைக்குரிய ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலை, வாடிக்கையாளரின் பொறியியல் மாற்றத்தைப் பெற்ற 10 வேலை நாட்களுக்குள் பரிசீலித்து முடிக்கப் பரிந்துரைக்கிறது. மாற்றம் வந்த தேதியையும் பரிசீலித்த தேதியையும் பதிவேட்டில் வைத்திருப்பவருக்கு அந்தக் கெடு சுமையாகத் தோன்றாது.

சி.என்.சி. புரோகிராமும் ஓர் ஆவணமே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரைபடத்துக்கு முத்திரை குத்தும் தொழிற்கூடங்களிலும், எந்திரத்தின் நினைவகத்திலிருக்கும் புரோகிராமைச் செட்டர் அவசரத்துக்குத் திருத்திவிட்டுப் போவது இயல்பாக நடக்கிறது. புரோகிராமின் முதல் வரிகளில் பாக எண்ணையும் திருத்தநிலையையும் குறிப்பாக எழுதி, மூலப் பிரதியைக் கோப்புறையில் வைத்து, எந்திரத்தின் எடிட் சாவியை ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் கொடுத்தால், இதில் பெரும்பகுதி சரியாகும்.

இந்த வழியின் பலவீனம், விதிகளை மனிதர்கள் மீற முடியும் என்பதுதான். பதிவேட்டை நிரப்பாமல் கோப்பை மாற்றலாம். நிரப்பியதாகக் காட்டிவிட்டு வேலையைச் செய்யாமல் விடலாம். இரண்டு மூன்று ஆலைகள் ஒரே பாகத்தைச் செய்யும்போதும், ஒரு மாதத்தில் வரும் மாற்றங்கள் கைக்கு அடங்காதபோதும், எக்செல் அட்டவணை தாங்காது.

அந்த நிலையில்தான் மூன்றாவது வழி தன் மதிப்பைக் காட்டுகிறது. வரைபடம் மாறினால் அதைச் சார்ந்த ஆவணங்களின் பட்டியலை மென்பொருள் தானே எடுத்துக்காட்டும். ஒப்புதல் வராமல் புதிய செட்டப் தாளைத் திரையில் காட்டாது. யார் எப்போது எதை மாற்றினார் என்பதை அழிக்க முடியாதபடி பதிவு செய்யும். முப்பரிமாண மாதிரியிலேயே அளவுகளையும் டாலரன்ஸையும் (அனுமதிக்கப்பட்ட எல்லைகளையும்) பதித்து அனுப்பும் வாடிக்கையாளர்கள் பெருகிவருகிறார்கள். 2014இல் வெளியான ஸ்டெப் ஏபி242 என்ற கோப்பு வடிவம் இதற்கெனவே உருவானது. அப்படிப்பட்ட மாதிரியைத் தாளில் அச்சிட்டு வைத்திருப்பது பொருளற்றது.

ஆனால் மென்பொருள் வாங்கினால் ஆவணப் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தில், 500 கி.மீ.க்கும் அதிகமான மின்கம்பிகளை வடிவமைத்த ஜெர்மனி, ஸ்பெயின் குழுக்கள் காட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்ஸ், பிரிட்டன் குழுக்கள் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தியதால், ஹாம்பர்க்கில் கம்பி பூட்டி வந்த உடற்பகுதிகள் துலூஸில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. 2006இல் அறிவிக்கப்பட்ட தாமதங்களுக்குப் பிறகு, முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. உலகின் மிகத் தேர்ந்த மென்பொருள் கையில் இருந்தும், அதன் எந்தப் பதிப்பில் எல்லோரும் வேலை செய்வது என்ற அடிப்படை முடிவு ஒருமித்து எடுக்கப்படவில்லை.

நடுத்தரத் தொழிற்கூடத்துக்கு இன்னும் சில தடைகள் உண்டு. உரிமக் கட்டணத்தைவிட, இருக்கும் ஆவணங்களைச் சுத்தப்படுத்தி உள்ளே ஏற்றும் உழைப்பு பெரிது. குழம்பிக் கிடக்கும் கோப்புறையை அப்படியே ஏற்றினால் குழப்பத்துக்கு ஒப்புதல் முத்திரை கிடைக்கும், அவ்வளவுதான். ஆவணங்களின் ஆயுளும் நீண்டது. பாகம் உற்பத்தியிலும் உதிரி விற்பனையிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு நாட்காட்டி ஆண்டும் பி.பி.ஏ.பி. முதலிய பதிவுகளைக் காக்க வேண்டும் என்பது ஐ.ஏ.டி.எஃப். விதி. பதினைந்து ஆண்டு ஓடும் பாகத்துக்கு, பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் திறக்கக்கூடிய கோப்பு வேண்டும். நீண்டகாலக் காப்புக்கென்றே 2005இல் தரப்படுத்தப்பட்ட பி.டி.எஃப்./ஏ வடிவில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடியுமா என்று விற்பவரிடம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முன்கூட்டியே முடிக்க வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. இதைப் பலர் தவறவிடுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எந்திரத்தை விற்பவரிடமிருந்து வர வேண்டிய ஆவணங்களை ஆர்டர் கொடுக்கும் போதே பட்டியலிட வேண்டும். குறிப்பாக, நம் தேவைக்கென்று கட்டித் தரப்படும் எஸ்.பி.எம். எந்திரத்தில் இது உயிர்நாடி. மின்சுற்று வரைபடம், ஹைட்ராலிக் சுற்று, எந்திரத்தின் இயக்கங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கருவியின் விளக்கக் குறிப்புகளோடு கூடிய புரோகிராம், அதன் கடவுச்சொல், அளவுருக்களின் காப்புப் பிரதி, தயாரிப்பாளரின் எண்ணோடு கூடிய உதிரிப்பாகப் பட்டியல் ஆகியவை கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்கக்கூடாது. பல சி.என்.சி. கட்டுப்பாட்டு அமைப்புகளில் அளவுருக்கள் (எந்திரத்தின் அமைப்பு மதிப்புகள்) பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்த எந்திரத்தை நிறுத்திவைத்தால் அவை அழிந்துவிடும். காப்புப் பிரதி இருந்தால் சில மணி நேரத்தில் மீட்கலாம். இல்லையென்றால் சர்வீஸ் பொறியாளர் வரும் வரை வரிசை நிற்கும்.

ஐரோப்பிய எந்திரம் என்றால் எல்லா ஆவணமும் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய எந்திரச் சட்டம் கோரும் தொழில்நுட்பக் கோப்பு, அங்குள்ள அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்காகத் தயாரிப்பாளர் தம்மிடம் வைத்திருப்பது; வாங்குபவருக்கு அதில் உரிமை இல்லை, பயன்பாட்டுக் கையேடுதான் உண்டு. 2027 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் புதிய ஒழுங்குமுறைப்படி அந்தக் கையேட்டையும் மின்வடிவில் தரலாம். தாள் வேண்டுவோர் வாங்கும் போதே கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்க வாடிக்கையாளருக்குச் செய்யும் தொழிற்கூடங்கள் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்றும் உண்டு: பாகத்தின் பக்கத் தோற்றங்களை வரைபடத்தில் எந்தப் பக்கம் வரைவது என்பதில் இந்தியத் தரநிலை முதற்கோண வீழலைப் பின்பற்றுகிறது, அமெரிக்க வரைபடங்கள் மூன்றாம் கோண வீழலில் வருகின்றன. ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள மூடியைத் தவறான கோணத்தில் படித்தால் அது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடம் வலம் மாறி உருவாகும். செட்டப் தாளில் அந்தக் குறியீட்டைப் பெரிதாக அச்சிட இடம் ஒதுக்குங்கள்.

மொழியைப் பற்றி மூன்று வழிகளுமே மௌனம் சாதிக்கின்றன. வாடிக்கையாளருக்குப் போகும் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருப்பது இயல்பு. ஆனால் எந்திரத்தருகே தொங்கும் செய்முறைத் தாளும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை. கோவை, ஓசூர் வட்டாரங்களில் இன்று தமிழ் பேசும் தொழிலாளருடன் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் நிற்கிறார்கள். பாகத்தை எந்தப் பக்கம் வைத்து கிளாம்ப் செய்வது, எந்த முகத்தில் சிப் ஒட்டியிருக்கக்கூடாது என்பதைப் புகைப்படத்தில் அம்புக்குறியோடு காட்டி, கீழே தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி எழுதினால் போதும். அந்தத் தாளை அலுவலகத்தில் அமர்ந்து எழுதாமல், அந்த வேலையில் தேர்ந்த ஆபரேட்டரைச் செய்யச் சொல்லி, அருகில் நின்று எழுத வேண்டும். பிறகு வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் தயங்கும் இடத்தில் தாளில் ஒரு படம் குறைகிறது என்று பொருள்.

ஆகவே, ஒரே ஆலை, நாற்பது ஐம்பது பாகங்கள், மாதத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாற்றங்கள் என்ற அளவில் இருக்கும் தொழிற்கூடத்துக்கு என் தேர்வு இரண்டாவது வழி. அதில் எந்திர முனையில் மட்டும் முதல் வழியின் தாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூலம் கோப்புறையில் இருக்கட்டும், பதிவேடு மாற்றத்தை நடத்தட்டும், ஆபரேட்டரின் கண்முன் இருப்பது பெரிய எழுத்தில் திருத்தநிலை அச்சிட்ட உறையிட்ட தாளாக இருக்கட்டும். வேறெங்கும் தாள் நகல் இருக்கக்கூடாது. அப்போதுதான் பழையதை எடுத்துவரப் போகிறவர் ஓர் இடத்துக்கு மட்டும் போனால் போதும். கேஜுக்கும் அதே திருத்தநிலையைப் பொறித்து, தாளில் உள்ள எழுத்தும் கேஜில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று ஷிஃப்ட் தொடக்கத்தில் பார்க்கும் வழக்கத்தைச் சேர்த்தால், 35 கே7 போன்ற மாற்றம் வழியில் தொலைந்துபோக இடமிருக்காது.

வாடிக்கையாளர் முப்பரிமாண மாதிரியை மட்டுமே அனுப்பத் தொடங்கினால், இரண்டாவது ஆலை திறந்தால், அல்லது பதிவேட்டில் திறந்தே கிடக்கும் மாற்றங்கள் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், மென்பொருளுக்கு மாறலாம். அப்போது பதிவேட்டின் நெடுவரிசைகளையே விற்பவரிடம் கொடுத்து, இந்த ஒழுங்கில் உங்கள் மென்பொருள் ஓடுமா என்று, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு மாற்றத்தை உள்ளே செலுத்தி நடத்திக்காட்டச் சொல்ல வேண்டும். விளக்கப்படங்களைக் காட்டிவிட்டுப் போகிறவருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.